‘நல்ல நிலையில் அழைத்துச் செல்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி புகார் கொடுக்க முடியுமா?

தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து, தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயர்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது. வீடுகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிறார். அவர் கேன் போடும் ஒரு வீட்டில் ஆறு பவுன் நகை காணாமல் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மஃப்டியில் வந்த இரண்டு பேர், “சும்மா விசாரணைதான், அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்” என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். விட்டது திங்கள் காலை பதினொரு மணிக்கு. நடுவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய குவார்ட்டர்ஸ் அறையில் வைத்து, உள்ளங்காலில் லத்தியாலும் பிளாஸ்டிக் பைப்பாலும் அடித்திருக்கிறார்கள். இடது கை மோதிர விரல் எலும்பு உடைந்திருக்கிறது. இரண்டு வெள்ளைத் தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விடும்போது ரைட்டர் சொல்லச் சொல்ல, “என் தம்பியை எந்தக் காயமும் இன்றி நல்ல நிலையில் அழைத்துச் செல்கிறேன்” என்று அக்காவின் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பயத்தில் தனியார் மருத்துவமனையில் ‘பைக்கில் இருந்து விழுந்தான்’ என்று சொல்லி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். நகை இன்னும் கிடைக்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இதற்கிடையில் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘வைத்தியச் செலவுக்கு’ 40,000 ரூபாய் வாங்கித் தருகிறேன், இத்தோடு விட்டுவிடுங்கள் என்கிறார். எல்லாம் நடந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன.

“நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே, இனி எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? புகார் கொடுத்தால் கஞ்சா கேஸ் போட்டுவிடுவார்களா? போலீஸ் மேல் வழக்குப் போட அரசாங்க அனுமதி வேண்டுமாமே? பேசாமல் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் அந்தக் கடிதத்துக்கே வருகிறேன். அதை எழுதியதற்காக நீங்கள் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. தம்பியை வெளியே கொண்டுவர அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் எழுதித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தம்பி 37 மணி நேரத்துக்கும் மேல் அங்கே இருந்தார் என்பதற்கு அவர்கள் பக்கம் அநேகமாக ஒரு காகிதம்கூட இருக்காது. எஃப்.ஐ.ஆர். இல்லை, கைதுக் குறிப்பு இல்லை, சம்மன் இல்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் அவர் பெயரே இருக்காது. கேட்டால், ‘ஞாயிறு மதியம் வந்தார், ஒரு மணி நேரம் விசாரித்து அனுப்பினோம்’ என்பார்கள். அந்தப் பேச்சைப் பொய்யாக்கும் காகிதம், தேதியோடு உங்கள் கையெழுத்தில் அவர்களிடமே இருக்கிறது. ஒருவரை ‘அழைத்துச் செல்கிறேன்’ என்று எழுதி வாங்கினால், அதுவரை அவர் அவர்கள் பிடியில் இருந்தார் என்றுதானே பொருள்? விசாரணைக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போகும் 26 வயது ஆளை அக்கா வந்து எழுதிக் கொடுத்து ஏன் கூட்டிப் போக வேண்டும்? ‘காயமின்றி’ என்ற சொல்லை எக்ஸ்ரே பொய்யாக்கிவிடும். ‘திங்கள்கிழமை’ என்ற தேதியை அவர்களால் பொய்யாக்க முடியாது. ஆகவே அதை மறைக்காமல் புகாரிலேயே எழுதுங்கள்: யார் சொல்லச் சொல்ல எழுதினீர்கள், எந்த மேசையில், எத்தனை மணிக்கு, நோட்டிலா தனித் தாளிலா. அந்தத் தாளை நீதிமன்றத்திலோ மனித உரிமை ஆணையத்திலோ வரவழைக்கக் கோருவதும் புகாரின் ஒரு பகுதியாக இருக்கட்டும். நாளைக்கு அப்படியொரு தாளே இல்லை என்று அவர்கள் சொன்னால், அதுவும் ஒரு சாட்சியம்தான்.

இந்த மாதிரி வழக்குகளில் அடித்தவர்களைக் காப்பாற்றுவது சட்டத்தின் ஓட்டை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்களைக் காப்பாற்றுவது காகிதம் இல்லாமை. இந்த வாரம் உங்களுக்கு இருக்கும் வேலையும் அதுதான்: நடந்த ஒவ்வொன்றையும் காகிதத்தில் ஏற்றுவது.

நாளை காலையே: அரசு மருத்துவமனை

பைக்கில் விழுந்ததாகச் சொன்னது பின்னடைவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார். ஆனால் சரிசெய்ய முடியாத பிழை இல்லை. தம்பியை அரசு மருத்துவமனைக்கு, முடிந்தால் மாவட்டத் தலைநகரில் உள்ளதற்கு, அழைத்துப் போங்கள். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள். அதில் டாக்டர் எழுதும் ஒரே ஒரு வரிதான் பின்னால் பல வருடம் பேசப்படும்: இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில், இத்தனை பேர், இன்ன பொருளால் தாக்கியதாகச் சொல்கிறார் என்ற வரி. தம்பி தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதினால், ‘தெரிந்த நபர்கள், காவலர்கள்’ என்று திருத்தக் கேளுங்கள். முதல் மருத்துவமனையில் பயந்து வேறு காரணம் சொன்னதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அந்த ரெஜிஸ்டர் பதிவின் பிரதியை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். ஒன்பது நாளில் உள்ளங்கால் வீக்கம் வடிந்திருக்கும், ஆனால் எலும்பு முறிவு இன்னும் பேசும். பைக்கில் இருந்து விழுந்தவருக்கு இரண்டு உள்ளங்காலிலும் குறுக்காக வரிவரியாகக் கன்றிப்போகுமா என்று கேட்டால் எந்த டாக்டரும் பதில் சொல்வார். மூன்றாம் நாள் நீங்கள் போனில் எடுத்ததாகச் சொல்லும் கால் படங்கள் இருக்கின்றன அல்லவா, அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டு வந்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன் (கட்சிக்காரர் என்றால் வழக்கின் கட்சிக்காரர், உங்கள் வீட்டுக்கு வந்தவரைச் சொல்லவில்லை).

எலும்பு முறிவு ஏன் முக்கியம் என்றால், சட்டப்படி அது ‘கொடுங்காயம்’. ஒப்புதல் வாக்குமூலம் வாங்கவோ, பொருளை மீட்கவோ ஒருவரைக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவில் தனிக் குற்றம். சாதாரணக் காயம் என்றால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 330, 331 என்று இருந்தவைதான் இவை. வெள்ளைக்காரன் காலத்திலேயே போலீஸ் அடியை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவுகள்.

‘கைது செய்யவில்லை, விசாரணைதான்’

உங்கள் கடிதத்தில் நீங்களே இதை ஒப்புக்கொண்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள்: “கைது செய்யவில்லை என்பதால் 24 மணி நேரக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள்.” தவறு. ‘எழுந்து போகிறேன்’ என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? அதுதான் கேள்வி. விடமாட்டார்கள் என்றால் அது காவல். பெயர் எதுவாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியிருக்க வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு சொல்வது அது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்ன கட்டளைகள் இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுக்குள்ளேயே (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) இருக்கின்றன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும். சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு வேண்டும், உறவினருக்குத் தகவல் வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். மஃப்டியில் வந்து பைக்கில் ஏற்றிப் போனதில் இவை எல்லாமே விடுபட்டிருக்கின்றன.

தினமும் பத்து மணிக் கையெழுத்துக்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஜாமீன் நிபந்தனையாக நீதிமன்றம்தான் அதைப் போட முடியும். போலீஸ் கூப்பிட வேண்டுமானால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஆனால் கவனம்: எழுத்தில் நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். போகாததையே காரணம் காட்டிக் கைது செய்யச் சட்டம் இடம் தருகிறது. நோட்டீஸைப் பிரதி எடுத்துக்கொண்டு வழக்கறிஞரோடு போங்கள். வாய்மொழியாகக் கூப்பிட்டால், ‘எழுத்தில் கொடுங்கள், வருகிறேன்’ என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

‘என் தம்பி திருடவே இல்லை’ என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் புகாரில் அதை முன்னால் வைக்காதீர்கள். அவர் திருடியிருந்தாலும் அடிக்க உரிமை இல்லை. புகார் முழுவதும் நிரபராதி என்ற வாதமாக இருந்தால், பேச்சு நகையைப் பற்றியதாகிவிடும். நாளை அந்த நகை வேறு எங்கோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் புகார் நிற்க வேண்டும்.

வெள்ளைத் தாள் கையெழுத்தைப் பற்றி: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு அது. ஆனால் அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். வெள்ளைத் தாள்கள் அந்த வழியில் பயன்படலாம். எனவே இரண்டு தாளில் எதுவும் எழுதாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை உடனே, எழுத்தில், தேதியோடு பதிவு செய்துவிடுங்கள்.

யாரைக் குற்றம் சாட்டுவது

‘ஸ்டேஷனில் இருந்த எல்லோர் மீதும்’ புகார் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒருவர் வருகிறார்: ஞாயிறு இரவு பாரா டூட்டியில் இருந்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ‘தண்ணி நிறைய குடிக்காதப்பா, மெதுவா குடி’ என்று சொன்ன காவலர். அவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தால் ஒரு சாட்சியை நீங்களே இழக்கிறீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த வழக்கில், அந்த இரவு நடந்ததை நடுவரிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி. யார் அடித்தார், யார் பிடித்துக்கொண்டார், யார் பார்த்துக்கொண்டிருந்தார், யார் தடுத்தார் என்று பிரித்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் போதும்.

ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, நகையை மீட்டே ஆக வேண்டும் என்ற மேலிட நெருக்கடி எல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்த நல்ல எஸ்.ஐ.க்களே சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் துறைக்குள் பேச வேண்டிய விஷயம். உங்கள் தம்பியின் விரல் அதற்கு விலை இல்லை.

கேமரா

சாத்தான்குளத்தில் நடுவர் போய்ப் பார்த்தபோது, ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் இரவிலும் படமெடுக்கும், ஒலியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றது. ஆகவே ‘ஒன்பது நாள் ஆகிவிட்டது, அழிந்திருக்கும்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அழிந்தால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் அறையில் கேமரா இருக்காது, சரி. ஆனால் வாசலிலும் வளாகத்தின் பின்புறமும் இருந்தாக வேண்டும். உள்ளே நடந்து போனவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தது அதில் பதிந்திருக்கலாம். சனி இரவு 9 முதல் திங்கள் நண்பகல் 12 வரையிலான பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு தனி மனு இன்றே போக வேண்டும். எதிரே உள்ள டீக்கடை, மெடிக்கல் ஷாப் கேமராக்களுக்கு இந்தக் கெடுவெல்லாம் கிடையாது. சில வாரங்களில் மேலே மேலே பதிந்து அழிந்துவிடும். அங்கே முதலில் போங்கள்.

2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்ததும் இதே மாதிரி ஒரு நகைப் புகாரில், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே தொடங்கிய விசாரணையில்தான். அவரை அடித்ததும் ஸ்டேஷன் கேமரா முன்னால் இல்லை. கோயில் ஊழியர் ஒருவர் மறைவாக எடுத்த சில நொடி வீடியோ இல்லாவிட்டால் அந்த வழக்கு சி.பி.ஐ. வரை போயிருக்குமா என்பது சந்தேகம்.

எங்கே, எந்த வரிசையில்

அதே ஸ்டேஷனில் புகாரை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திவிடுவார்கள். லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்தும் வழி இதுதான்: ஸ்டேஷனுக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார், பதில் இல்லை என்றால் கண்காணிப்பாளருக்கு ஒரு புகார், அதுவும் நகராவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனு. புதிய சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை சேர்ந்திருக்கிறது. பணியின்போது நடந்ததாகச் சொல்லும் குற்றம் என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்தக் காவலரின் விளக்கத்தையும் பார்த்த பிறகே நடுவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும். சில மாதங்கள் இழுக்கும். தெரிந்தே இறங்குங்கள்.

அரசு அனுமதி வேண்டும் என்று சொன்னது பாதி உண்மை. அரசின் உத்தரவு இல்லாமல் பதவி நீக்க முடியாத அளவுக்கு மேலே உள்ள அதிகாரிகளுக்குத்தான் பொதுவாக அந்தப் பாதுகாப்பு. காவலருக்கும் ஏட்டுக்கும் அது வழக்கமாகப் பொருந்துவதில்லை. அப்படியே பொருந்தினாலும், அடைத்து வைத்து அடிப்பது கடமையின் பகுதி ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால், கொடுத்ததாகவே கருதலாம் என்று இப்போது சட்டமும் சொல்கிறது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு இதோடு சேர்த்தே எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ‘ஆணையம் அவர்களை வேலையை விட்டுத் தூக்கிவிடுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்காது, சிறைக்கும் அனுப்பாது. இழப்பீடும் நடவடிக்கையும் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021-ல் சொன்னது. ஒரே நேரத்தில் டெல்லியில் உள்ள தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதாதீர்கள். மாநிலத்தில் நிலுவையில் இருப்பதை அவர்கள் எடுக்கமாட்டார்கள். காவல் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். 2006-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் தலைமையில் அமைக்கச் சொன்னது. நம் மாநிலத்தின் 2013 சட்டம் உள்துறைச் செயலரையே தலைவராக உட்காரவைத்தது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், சாதி பெயர் சொல்லித் திட்டினார்களா என்பதையும் சேர்த்து, வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தினால் வழக்கின் போக்கே மாறும். அந்த வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

பயமும் பணமும்

கஞ்சா கேஸ் போடமாட்டார்கள் என்று உங்களுக்கு உறுதி தர எனக்கு மனமில்லை. போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புகார் கொடுத்த பிறகு வரும் வழக்குக்கும், கொடுக்காமல் இருக்கும்போது வரும் வழக்குக்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் தபால் ரசீதின் தேதி முன்னால் இருந்தால், ‘புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கல்’ என்று ஜாமீன் மனுவின் முதல் பாராவிலேயே சொல்ல முடியும். முன்ஜாமீன் மனுவை இப்போதே தயார் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவு. (பழைய சட்டத்தில் 482 வேறொன்று, எங்களில் மூத்தவர்கள் இன்னும் வாய்தவறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) மறுபடியும் இரவில் கூட்டிப் போனால், விடியும் வரை காத்திருக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் 112-க்கும் போன் செய்து, கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காலையில் ஆட்கொணர்வு மனு போட அந்த மின்னஞ்சலின் நேரம்தான் அடிப்படை.

40,000 ரூபாய் வாங்குவதும் வாங்காததும் உங்கள் முடிவு. தம்பி மூன்று மாதம் கேன் தூக்க முடியாது, வீட்டு வாடகை நிற்காது என்பது எனக்கும் தெரியும். வாங்கினால் உங்களை மட்டமாக நினைக்கமாட்டேன். ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 120-ஆம் பிரிவுக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக்கூடியது இல்லை. பணம் கைமாறியதால் குற்றம் சட்டப்படி மறையாது. அவர்களுக்கு வேண்டியது பணத்தோடு வரும் தாள்: ‘பைக்கில் விழுந்ததுதான், யாரும் அடிக்கவில்லை’ என்று தம்பி கையெழுத்துப் போடும் தாள். ஒருமுறை எழுதிக் கொடுத்த கடிதத்தில் காவலில் இருந்த உண்மையாவது மிச்சம் இருக்கிறது. இந்த இரண்டாவது தாளில் உங்களுக்கு உதவும் சொல் ஒன்றுகூட இருக்காது. நகைத் திருட்டு வழக்கு முடிந்துவிடும் என்றும் அதில் உத்தரவாதம் கிடையாது. அவர் மறுபடி வந்தால், ‘வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்’ என்று அனுப்பிவிடுங்கள். எந்தத் தேதி, யார் யார் வந்தார்கள், என்ன தொகை சொன்னார்கள் என்று உங்கள் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை அரசு மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, தனியார் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காமல் கவரோடு எடுத்துப் போங்கள். அதன் ஓரத்தில் அச்சாகியிருக்கும் தேதி முக்கியம். ஏ.ஆர். காப்பி கைக்கு வந்ததும் மீண்டும் எழுதுங்கள், புகாரின் வாசகத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.